ஏறிக்கிடவா என்று கேட்காமல் ஏறிய நாள்

என் வீடு டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறது. வேலைக்குப் போய் நிற்க வேண்டிய இடம் சிகாகோ ஓஹேர் விமான நிலையம். நடுவே 800 மைல். ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் அமெரிக்காவில் விமானிகள் பலருக்கு இதுதான் வாழ்க்கை. குடும்பம் ஓர் ஊரில், டிரிப் தொடங்கி முடியும் பேஸ் வேறோர் ஊரில். கணவருக்கு வேலை பிளேனோவில், பையனுக்குப் பள்ளிக்கூடம் ஃபிரிஸ்கோவில், எனக்கோ டாலஸ் பேஸ் வாங்கும் அளவுக்கு சீனியாரிட்டி இல்லை. அதனால் ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னால் வேறொருவர் ஓட்டும் விமானத்தில் ஏறித்தான் வேலைக்குப் போகிறேன். இதற்கு டிக்கெட் கிடையாது. கேபினில் இடம் காலியாக இருந்தால் ஸ்டேண்ட்பையில் ஏறலாம். இல்லாவிட்டால் காக்பிட்டுக்குள் விமானிகள் இருவருக்கும் பின்னால் ஒரு மடக்கு இருக்கை உண்டு, அதைக் கேட்டு வாங்கலாம். அதுதான் ஜம்ப்சீட்.

பயிற்சியில் எங்களுக்கு எஞ்சினில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று நாள்கணக்கில் சொல்லிக் கொடுத்தார்கள். ஜம்ப்சீட் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். அந்த அரை மணி நேரத்தில் நான் வீட்டுக்கு எப்போது போவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கான விலையை 2023 ஜூனில் ஒரு வியாழக்கிழமை கொடுத்தேன். அன்று எனக்கு நேர்ந்ததை வரிசையாகவே எழுதுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்து, பேஸுக்கு வெளியே குடியிருக்கும் யாராவது ஒருவருக்கு இது முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

பயிற்சி முடித்து, பயணிகளை ஏற்றிப் பறக்கும் லைனுக்கு வந்து நான்காவது மாதம். எங்களுடையது ஒரு பெரிய ஏர்லைனுக்காகச் சிறிய ஜெட்களை ஓட்டும் வட்டார நிறுவனம். அன்று மதியம் 2 மணிக்கு ஓஹேரில் ரிப்போர்ட் செய்ய வேண்டும், நான்கு நாள் டிரிப். டாலஸிலிருந்து பறக்கும் நேரம் இரண்டரை மணிக்குள்தான். காலை 7.40-க்கு ஒரு விமானம், 9.10-க்கு இன்னொன்று, இரண்டும் நாங்கள் ஓட்டிக்கொடுக்கும் அந்தப் பெரிய ஏர்லைனுடையவை. முதல் நாள் மதியம் ஆப்பில் பார்த்தபோது 7.40-இல் 11 இடம் காலி. நிம்மதியாகப் பெயரைப் பதிந்துவிட்டு, பையனுக்கு நான்கு நாளைக்கு வேண்டிய துணிமணியை எடுத்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

ராத்திரி டாலஸில் இடி மின்னலோடு மழை கொட்டியது. ஜன்னல் அதிர்ந்தது எனக்கும் கேட்டது. கேட்டுவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டேன். அன்றைய முதல் தவறு அதுதான். மாலை நேரப் புயலில் விமானங்கள் ரத்தானால் அந்தப் பயணிகள் எல்லாம் மறுநாள் காலை விமானங்களில்தான் ஏற்றப்படுவார்கள். முந்தின நாள் பார்த்த காலியிடக் கணக்குக்கு அதன் பிறகு எந்த மதிப்பும் இல்லை. காலை 5.30-க்கு எழுந்து பார்த்தபோது 11 காலி என்பது போய், இருக்கிற இடத்தைவிட 9 பேர் அதிகம் என்று காட்டியது. ஸ்டேண்ட்பை வரிசையில் என் எண் 34. இப்போதெல்லாம் வானிலை மோசம் என்று தெரிந்தாலே முதல் நாள் இரவு கடைசி விமானத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிடுகிறேன். வீட்டில் ஓர் இரவு குறைகிறது, அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மறுநாள் காலை கேட் வாசலில் நிற்கும் வலியை நான் அனுபவித்துவிட்டேன்.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 7.05. விமானம் கிளம்ப 35 நிமிடம் இருக்கிறதே என்று நினைத்தேன். கேட் ஏஜென்ட் அம்மாவைச் சுற்றிக் கூட்டம். என் முறை வந்ததும், "லிஸ்டில் இருக்கிறேன், ஜம்ப்சீட் கிடைக்குமா" என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஸ்டேண்ட்பை லிஸ்டில் இருக்கிறீர்கள், ஜம்ப்சீட் லிஸ்டில் இல்லையே" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டும் ஒன்றுதான், கேபினில் இடமில்லையென்றால் தானாகவே காக்பிட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று நான்கு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். அதுவரை எப்போதும் கேபினில் இடம் கிடைத்துக்கொண்டிருந்ததால் அந்தத் தவறு வெளியே வரவே இல்லை. அந்த போயிங் 737-இல் காக்பிட்டில் இரண்டு கூடுதல் இருக்கைகள். ஒன்றை அந்த ஏர்லைனின் சொந்த கேப்டன் ஒருவர் எடுத்துவிட்டார். மற்றதை என்னைப் போலவே ஒரு வட்டார நிறுவனத்துப் பையன் 6.30-க்கே வந்து வாங்கிவிட்டான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் உள்ளே போனான்.

இதைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை. ஸ்டேண்ட்பை வரிசை கேபின் இருக்கைக்கானது. அதில் விமானிகள் மட்டுமல்ல, விமானப் பணிப்பெண்கள், அலுவலக ஊழியர்கள், அவர்களுடைய பெற்றோர், ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் இருப்பார்கள். யாருக்கு முன்னுரிமை என்பது ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும். சில இடங்களில் வேலையில் சேர்ந்த தேதி, சில இடங்களில் யார் முதலில் செக்-இன் செய்தார்கள் என்பது. செக்-இன் நேரம்தான் கணக்கு என்றால் 24 மணி நேரத்துக்கு முன் அந்த நிமிடமே ஆப்பைத் திறந்து அழுத்திவிட வேண்டும். ஜம்ப்சீட் வரிசை தனி. அதில் பெரும்பாலும் விமானம் ஓட்டுபவர்களுக்கும், தரையிலிருந்து விமானப் பயணத்தைத் திட்டமிடும் டிஸ்பேட்சர்களுக்கும், மிகச் சில அரசு அதிகாரிகளுக்கும்தான் இடம். அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.-வின் ஆய்வாளர் பணியில் வந்து நின்றால் அவர்தான் முதல், அதில் பேச்சே இல்லை. அடுத்தது அந்த ஏர்லைனின் சொந்த விமானிகள், அப்புறம் அதற்காக ஓட்டும் வட்டார நிறுவன விமானிகள், கடைசியாக மற்ற ஏர்லைன்காரர்கள். மற்ற ஏர்லைன்காரர்களுக்குள் பெரும்பாலும் யார் முதலில் கேட்டில் வந்து பேரைக் கொடுத்தாரோ அவர்தான். முப்பது வருட அனுபவமுள்ள கேப்டனாக இருந்தாலும் இன்னொரு கம்பெனி கேட்டில் அவர் சீனியாரிட்டி செல்லாது. ஆகவே ஏஜென்ட் கேட்டைத் திறக்கும்போதே, குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால், நீங்கள் அங்கே நிற்க வேண்டும். 35 நிமிடம் என்பது பயணிக்குப் போதும், நமக்குப் போதாது.

சரி, 9.10 விமானத்துக்கு நான்தான் முதல் ஆள். அடுத்த கேட்டில் 7.50-க்கே போய் நின்று, ஏஜென்ட் தலை நிமிரும் வரை காத்திருந்து கேட்டேன். அவர் ஒரு சீட்டை அடித்துக் கொடுத்தார். கையில் அந்தச் சீட்டு வந்ததும் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கணவருக்குச் செய்தி அனுப்பினேன். பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி, வாசலில் நின்ற பணிப்பெண்ணைப் பார்த்து ஒரு சிரிப்பு, நேராகக் காக்பிட்டுக்குள் போய், பெட்டியை ஓர் ஓரத்தில் செருகி, மடக்கு இருக்கையை இழுத்து விரித்து உட்கார்ந்துவிட்டேன். 737-இல் அந்த இருக்கை விரிந்தால் கதவையே மறித்துக்கொண்டு நிற்கும். கேப்டன் அப்போது இடது பக்கம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். நரைத்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. குரலை உயர்த்தாமல் கேட்டார்: "நீங்கள் யார்?"

அந்த இரண்டு சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது. கேட் ஏஜென்ட் கொடுக்கும் சீட்டு அனுமதியே அல்ல. அது கேப்டனிடம் போய்க் கேட்பதற்கான சீட்டு. காக்பிட்டுக்குள் யார் வரலாம் என்பதை எஃப்.ஏ.ஏ. விதி வரையறுக்கிறது, அந்த வரையறைக்குள் வருகிறவரையும் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது கேப்டன். நான் அவர் வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் போய்ச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து நின்று, பெயரைச் சொல்லி, அடையாள அட்டை, லைசென்ஸ், மெடிக்கல் என்கிற உடல்தகுதிச் சான்று மூன்றையும் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "முதலில் கேட்பது வழக்கம்" என்று மட்டும் சொன்னார். கோ-பைலட் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடத்தில் எடைக் கணக்கு வந்தது. சிகாகோ பக்கமும் மேகம் கட்டியிருந்ததால் மாற்று விமான நிலையத்துக்கான எரிபொருளைச் சேர்த்திருந்தார்கள். கேபின் நிரம்பி வழிகிறது. தரையிறங்கும் எடை வரம்பைத் தாண்டுகிறது, ஒரு ஆள் எடை குறைய வேண்டும். டிக்கெட் வாங்கிய பயணியை இறக்குவதற்கு முன்னால் ஜம்ப்சீட்காரர்தான் இறங்க வேண்டும். கேப்டன், "வருந்துகிறேன்" என்றார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஏறிக்கொண்டிருக்கும் பயணிகளுக்கு எதிராக, ஒவ்வொருவரிடமும் வழி கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் கோபத்தில் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. ஆனால் பிறகுதான் ஒன்று தெரிந்துகொண்டேன். எடை இடித்தால் கேப்டன் டிஸ்பேட்சரைக் கூப்பிட்டு, வேறு உயரத்தில் போகலாமா, வேறு மாற்று நிலையம் வைக்கலாமா, எரிபொருளில் கொஞ்சம் குறைக்க முடியுமா, கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள் என்று கேட்கலாம். பல கேப்டன்கள் கேட்கிறார்கள். சக விமானியை வாசலில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அது அவர் நமக்காக எடுத்துக்கொள்ளும் சிரமம், கிளம்பும் நேரத்தில், வேலைக்கு நடுவில். வாசலில் நின்று கேட்டு ஏறிய ஆளுக்காக அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள ஒருவருக்கு மனம் வரும். கேட்காமல் ஏறி உட்கார்ந்தவளுக்காக? அன்று நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மணி 9.05. வேறொரு ஏர்லைனில் 10.45-க்கு ஓஹேருக்கு ஒன்று இருந்தது, வேறு டெர்மினல். ரயில் ஏறி அங்கே போனேன். வேறு கம்பெனி விமானத்தில் காக்பிட்டில் உட்கார வேண்டுமானால் காஸ் என்ற அமைப்பில் நம் விவரம் சரியாக இருக்க வேண்டும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மற்ற கம்பெனி விமானிகளைக் காக்பிட்டில் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். சில வருடம் கழித்து இந்த அமைப்பு வந்த பிறகுதான் மறுபடி கதவு திறந்தது. ஏஜென்ட் நம் கம்பெனியையும் பணி எண்ணையும் தட்டினால் நம் புகைப்படத்தோடு ஆம் அல்லது இல்லை என்று திரையில் வரும். எனக்கு ஆம் என்றுதான் வந்தது. ஆனால் அந்த இளைஞர் திரையையும் என் லைசென்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "இரண்டு பேரும் ஒருவர்தானா?" என்று கேட்டார்.

தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டபோது என் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக அப்பா பெயர் இருந்தது. லைசென்ஸ் அப்படியே வந்தது. பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது கணவர் பெயர் சேர்ந்தது, க்ரீன் கார்டும் அந்தப் பெயரில் வந்தது, கம்பெனி அதைப் பார்த்து அடையாள அட்டை போட்டுக் கொடுத்தது. ஊரில் இனிஷியலோடு வாழ்ந்த நமக்கு இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று மனதில் பட்டுவிடுகிறது. சொந்தக் கம்பெனி வட்டத்தில் யாரும் லைசென்ஸைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காததால் நானும் கண்டுகொள்ளவில்லை. அந்த இளைஞர் மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவர் முடியாது என்றார். அவர் செய்தது சரி. பெயர் ஒத்துப்போகாத ஒருவரைக் காக்பிட்டுக்குள் அனுப்பும் துணிவு யாருக்கும் வரக் கூடாது. லைசென்ஸ், மெடிக்கல், கம்பெனி அட்டை, பாஸ்போர்ட் நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். லைசென்ஸில் பெயர் மாற்ற எஃப்.ஏ.ஏ. வட்டார அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும், முன்பதிவு வாங்கிக்கொண்டு, பெயர் மாறியதற்கான சான்றோடு. முதலில் தற்காலிகக் காகிதம் தருவார்கள், 120 நாள் செல்லும். பிளாஸ்டிக் அட்டை பிறகு தபாலில் வரும். ஒரு நாள் விடுப்பில் முடிகிற வேலை. அதை நான் செய்யாமல் விட்டிருந்தேன்.

அந்தக் கதவும் மூடிய பிறகு, 10.50-க்குத்தான் எங்கள் பணி அட்டவணையைப் பார்க்கும் ஷெட்யூலிங்கைக் கூப்பிட்டேன். அன்று செய்த எல்லாத் தவறிலும் இதுதான் பெரியது. எங்கள் ஒப்பந்தத்தில் என்னைப் போல வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் கம்யூட்டர்களுக்கென்று ஒரு விதி இருக்கிறது. ரிப்போர்ட் நேரத்துக்கு முன்னால் போய்ச் சேரக்கூடிய இரண்டு விமானங்களுக்கு முயற்சி செய்து, கிடைக்கவில்லை என்றால் உடனே தெரிவித்துவிட்டால் அது ஒழுங்கு மீறல் ஆகாது. 7.40 போனதுமே நான் கூப்பிட்டிருக்க வேண்டும். அடுத்ததில் கிடைத்துவிடும், எதற்குச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்வானேன் என்று பயந்தேன். புரொபேஷனில் இருப்பவளுக்கு வாய் திறக்கவே பயம். எதிர்முனையில் இருந்தவர் தன்மையாகவே பேசினார். "ஒன்பதரைக்குள் சொல்லியிருந்தால் உங்களுக்குப் பதில் ஆள் பார்த்திருப்போம், விதியும் உங்களைக் காப்பாற்றியிருக்கும், இப்போது மூன்று மணி நேரம்தான் இருக்கிறது" என்றார். ஆகவே முதல் விமானம் தவறியதும் கூப்பிடுங்கள். யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று எழுதி வையுங்கள். முதல் நாள் பார்த்த காலியிடக் கணக்கையும், காலையில் பார்த்ததையும் படம் பிடித்து வையுங்கள். பிறகு விளக்கம் கேட்கும்போது கையில் காட்ட அதுதான் இருக்கும்.

எப்படியாவது பேஸுக்கு வந்து சேர், பார்க்கலாம் என்றார்கள். 38 டாலர் கொடுத்து டாக்ஸியில் டாலஸின் இன்னொரு விமான நிலையமான லவ் ஃபீல்டுக்கு ஓடினேன். அங்கிருந்து சிகாகோவின் இன்னொரு விமான நிலையமான மிட்வேக்கு 389 டாலரில் டிக்கெட். மிட்வேயில் இறங்கியபோது மணி மூன்று. ஆரஞ்சு லைன் நகர ரயிலில் ஊருக்குள் போய், ப்ளூ லைனுக்கு மாறி, சீருடையும் பெட்டியுமாக ஓஹேர் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாகிவிட்டது. என் டிரிப் வேறொருவரோடு எப்போதோ கிளம்பிப் போயிருந்தது. 21 மணி நேரச் சம்பளம், மணிக்கு 90 டாலர் கணக்கில் 1,890. அன்று திரும்ப வழியில்லாமல் ஷில்லர் பார்க்கில் ஒரு மோட்டலில் தங்கியது 142. எல்லாம் சேர்த்து 2,459 டாலர். அதைவிட, அடுத்த வாரம் தலைமை விமானி அலுவலகத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது. புரொபேஷன் வருடத்தில் வேலையை விட்டு அனுப்ப அவர்களுக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. 1,500 மணி நேரம் பறந்து சேர்த்த வாழ்க்கை ஒரு காலைப் பொழுதில் போய்விடுமோ என்று அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. கடைசியில் எழுத்தில் ஓர் எச்சரிக்கையோடு விட்டார்கள்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மோட்டலிலிருந்து கோவில்பட்டிக்குக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து ஏழரை. அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக 31 வருடம் இருந்தவர். நடந்ததை எல்லாம் சொன்னேன். எடைக் கணக்கு, காஸ் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த டிரைவர்கிட்ட கேட்டு ஏறுனியாம்மா?"

இல்லப்பா என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. எனக்கு அவரோடு மதுரைக்குப் போன நாள்கள் ஞாபகம் வந்தன. பாஸ் சட்டைப் பையில் இருக்கும். இருந்தாலும் முன்வாசலில் ஒரு காலை வைத்து, "அண்ணே, மதுரை வரைக்கும் வாரேன், ஏறிக்கிடவா?" என்று கேட்காமல் அவர் ஏறியதே இல்லை. டிரைவர் வயதில் சின்னவராக இருந்தாலும் அண்ணேதான். சீட்டில் உட்கார மாட்டார், அது டிக்கெட் வாங்கியவர்களுக்கு. எஞ்சின் பெட்டி ஓரத்தில் ஒரு துண்டை விரித்து உட்காருவார். ஊருக்குள் நெரிசலில் ஓட்டும்போது டிரைவரோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் இறங்கிப் போய் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீ வாங்கி வருவார். இறங்கும்போது, "வாரேன்ணே, நல்லா கொண்டாந்தீங்க" என்பார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான், காக்பிட்டுக்குள் போனதும் மறந்துபோனேன்.

இப்போது நான் செய்வது ஏறக்குறைய அப்பா செய்ததுதான். வாசலில் பணிப்பெண்ணிடம், "நான் ஜம்ப்சீட்டில் வருகிறேன், கேப்டனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா" என்கிறேன். காக்பிட் வாசலுக்கு வெளியே நின்று, பேச்சு முடியும்வரை காத்திருந்து, பெயரும் கம்பெனியும் சொல்லி, கேட்கும் முன்பே காகிதங்களை நீட்டி, ஏறலாமா என்று கேட்கிறேன். கேபினில் இடம் கிடைத்தாலும் இதை விடுவதில்லை, ஏனென்றால் அப்போதும் நான் அவருடைய ஜம்ப்சீட்டர்தான். அதனாலேயே கேபினில் உட்கார்ந்தாலும் மதுவைத் தொடக் கூடாது. பையனோடு விடுமுறைக்குப் போகிறேன் என்றால் ஜம்ப்சீட் வேண்டாம், ஸ்டேண்ட்பையில் போகிறேன். 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டில் வேலைப் பேச்சு தவிர எதுவும் கூடாது என்பது விதி, ஜம்ப்சீட்டில் இருப்பவருக்கும் அது பொருந்தும். ஹெட்செட்டை மாட்டி, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் வேறு விமானம் தென்பட்டால் கையைக் காட்டுவேன். போன் பையில் இருக்கும். மேலே ஏறிய பிறகும் அவர்கள் பேசினால் பேசுவேன், இல்லாவிட்டால் இல்லை. தூக்கம் வந்தால் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவேன்.

இன்னொன்று யாரும் எழுதி வைப்பதில்லை. கேபினில் கடைசியாக ஒரே ஓர் இடம் காலி, அதை எனக்குக் கொடுக்கிறார்கள், வரிசையில் ஒரு பணிப்பெண் வேலைக்குப் போக நிற்கிறாள் என்றால், நான் காக்பிட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த இடத்தை அவளுக்கு விட்டுவிடலாம். காக்பிட் இருக்கையை அவளால் எடுக்க முடியாது, என்னால் முடியும். கொஞ்சம் இடுக்கமாக இருக்கும், முதுகு வலிக்கும். ஆனால் அவளும் நேரத்துக்குப் போய்ச் சேருவாள். ஏஜென்டிடம் நாமே போய் இதைச் சொல்ல வேண்டும், அவர்களுக்கு அந்த நெரிசலில் தோன்றாது.

பணிக்குழுவுக்கு ஏதாவது கொண்டுபோவது இங்கேயும் வழக்கம். கோவில்பட்டிக்காரி என்பதால் கடலை மிட்டாய்ப் பாக்கெட்டைத்தான் முதலில் எடுத்துப் போனேன். ஒரு மூத்த பணிப்பெண், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பயணிகள் இருப்பார்கள், இதை விமானத்தில் பிரிக்கவே முடியாது என்று அன்பாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து கடலை கலக்காத, மூடி முத்திரையிட்ட சாக்லேட்தான்.

மூன்றாவது ஒருவர் காக்பிட்டில் இருப்பதை ஒரு கேப்டன் எப்படிப் பார்ப்பார் என்பதை இந்த இரண்டு வருடத்தில் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறேன். 2018 அக்டோபர் 28-ஆம் தேதி பாலியிலிருந்து ஜகார்த்தா போன லயன் ஏர் 737 மேக்ஸில் மூக்கு தானாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது, காக்பிட்டில் ஜம்ப்சீட்டில் ஒரு விமானி இருந்தார். மூக்கை அப்படி இறக்கிக்கொண்டிருந்த டிரிம் மோட்டாரைத் துண்டித்து அந்த விமானம் பத்திரமாக இறங்கியது. மறுநாள் அதே விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அப்படி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2023 அக்டோபரில், என் கதை நடந்து நான்கு மாதத்தில், எவரெட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானத்தில் ஜம்ப்சீட்டில் இருந்த விமானி ஒருவர் எஞ்சின் தீயணைப்புக் கைப்பிடிகளை இழுக்கப் பார்த்தார். ஓட்டியவர்கள் தடுத்து, போர்ட்லாண்டில் இறக்கினார்கள். அதற்குப் பிறகு சில கேப்டன்கள் என் காகிதங்களைக் கூடுதலாக நேரம் எடுத்துப் பார்ப்பதைக் கவனித்தேன். எப்படி இருக்கிறீர்கள், நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்பார்கள். அது பேச்சுக்காகக் கேட்பதல்ல. முகத்தைப் பார்த்து நேராகப் பதில் சொல்லுங்கள்.

தூக்கம் பற்றியும் ஒன்று. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்த விமானத்தின் துணை விமானி, முதல் நாள் இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானத்தில் மெம்பிஸ் வழியாக நூவர்க் வந்து சேர்ந்து, அன்று இரவே பறந்தவர். அவரும் கம்யூட்டர்தான். ஃபெடெக்ஸின் மெம்பிஸ், யு.பி.எஸ்ஸின் லூயிவில் வழியாக ராத்திரிச் சரக்கு விமானத்தில் போவது நமக்கு நல்ல மாற்று வழி, அதற்கும் முன்கூட்டியே பதிய வேண்டும். ஆனால் விடியற்காலை இறங்கி, க்ரூ ரூம் நாற்காலியில் சாய்ந்துவிட்டு அன்றைக்கே ஓட்டுவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். நான் இப்போது ஓஹேர் பக்கத்தில், விமானப் பணியாளர்கள் பகிர்ந்து தங்கும் ஒரு க்ராஷ்பேடில் மாதம் 275 டாலருக்கு எனக்கென்று ஒரு கட்டில் வைத்திருக்கிறேன். ஒரு அறையில் நான்கு பேர். அந்த ஒரு வியாழக்கிழமையில் தொலைத்த பணத்துக்கு எட்டு மாத வாடகைக்கு மேல் கட்டியிருக்கலாம்.

போன மாதம் ஓஹேரிலிருந்து கிளம்பும்போது எங்கள் காக்பிட் வாசலில் ஓர் இளைஞன் வந்து நின்றான். வேறு வட்டார நிறுவனத்துச் சீருடை, புத்தம் புது அட்டை. கேப்டன் போனில் பேசி முடிக்கும்வரை வாசலிலேயே நின்று, பிறகு கேட்டான். அட்டை நீட்டிய கை கொஞ்சம் நடுங்கியது. கேப்டன் வாங்கிப் பார்த்து, வாருங்கள் என்றார். இருக்கைப் பட்டைகளை எப்படி மாட்டுவது, ஆக்ஸிஜன் முகமூடியை எப்படிச் சோதிப்பது என்று நான் காட்டிக் கொடுத்தேன். எடைக் கணக்கு வந்தபோது எங்களுக்கு 140 பவுண்டு அதிகம். அவன் எதுவும் கேட்காமல் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினான். கேப்டன் கையை உயர்த்தி, இருங்கள் என்று சொல்லிவிட்டு டிஸ்பேட்சரைக் கூப்பிட்டார். மாற்று நிலையத்தைப் பக்கத்தில் வைத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ஆறு நிமிடம் ஆனது, நேரத்துக்கே கிளம்பினோம். இறங்கியதும் அவன் இருவருக்கும் நன்றி சொல்லி, இருக்கையை மடக்கிச் சரியாகச் செருகிவிட்டு, பணிப்பெண்களிடமும் சொல்லிக்கொண்டு ஓடினான். ரிப்போர்ட்டுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது அவனுக்கு.